நாவின் நடை

நுழையும்முன்

பேச்சு என்பது எண்ணத்தின் வெளிப்பாடு மட்டுமன்று. அஃது உடலின் உழைப்புமாகும். மூச்சும் மிடறும் நாவும் இதழும் ஓர் ஒழுங்கில் இணைந்து இயங்கினாலன்றிச் சொல் பிறப்பதில்லை. அவ்வொழுங்கு இடறும்போது திக்கல் தோன்றுகிறது. அதனை இலக்கணமும் அறிவியலும் எவ்வாறு நோக்குகின்றன என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கொடைக்கானல் மேல்மலைச் சிற்றூர் ஒன்றில் தமிழாசிரியராகப் பணியேற்ற புதிதில் நிகழ்ந்தது இது. வருகைப்பதிவுக்காகப் பெயர்களை அழைத்து வந்தேன். ஒரு பெயருக்கு மட்டும் விடை வரவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். ஒரு மாணவன் எழுந்து நின்றான், இதழ்கள் குவிந்திருந்தன, கழுத்து நரம்பு புடைத்திருந்தது, ஒலி மட்டும் எழவில்லை. அருகிலிருந்தவன், "அவன் வந்திருக்கிறான் ஐயா" என்றான். வகுப்பு சிரித்தது. "பதற்றப்படாமல் மெதுவாகச் சொல்" என்று நான் அறிவுரை கூறினேன். மறுநாளும் அதுவே நடந்தது, அறிவுரையும் அதுவே. சில வாரங்களுக்குப் பின் அம்மாணவன் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தான்: "மெதுவாகப் பேசினாலும் அது அங்கேயேதான் நிற்கிறது ஐயா."

ஆயினும், காலை வழிபாட்டில் எல்லாரோடும் சேர்ந்து தமிழ்த்தாய் வாழ்த்தைத் தடையின்றிப் பாடியவன் அவன். தைப்பூசக் காலத்தில் ஊரார் பழனிக்குப் பாதயாத்திரை சென்றபோது, வழிநெடுகக் காவடிச் சிந்தை முன்னின்று பாடியவனும் அவனே. 'உள்ளேன்' என்னும் ஒரு சொல்லில் நின்றுவிடும் நா, மலைப்பாதை முழுவதும் பாடியது எங்ஙனம்? அவ்வினாவே என்னை இப்பொருள்பற்றிப் படிக்கத் தூண்டியது.

இலக்கணம் கண்ட இயக்கம்

தொல்காப்பியத்தின் எழுத்ததிகாரத்தில் மூன்றாவதாக அமைந்தது பிறப்பியல். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புகள் பொருந்தி அமைவதால் எழுத்துகள் வெவ்வேறாகப் பிறக்கின்றன என்று அவ்வியல் கூறுகிறது. தொல்காப்பியர் இங்கு ஒலிகளின் பட்டியலைத் தரவில்லை, இயக்கங்களை விவரிக்கிறார். நாவின் அடியும் அண்ணத்தின் அடியும் பொருந்தக் ககரமும், இதழ்கள் இரண்டும் இயையப் பகரமும், மேற்பல்லும் கீழிதழும் கூட வகரமும் பிறக்கும். லகரத்திற்கு நா அண்ணத்தை ஒற்ற வேண்டும். ளகரத்திற்கு வருட வேண்டும். ஒற்றுதலுக்கும் வருடுதலுக்கும் உள்ள இந்நுண்ணிய வேறுபாட்டை அவர் எந்தக் கருவியுமின்றித் தம் வாயையே ஆய்வுக்கூடமாகக் கொண்டு கண்டிருத்தல் வேண்டும்.

அம்மாணவன் நின்றுபோன இடத்தை இனிப் பிறப்பியலின் துணைகொண்டு காண்போம். 'உள்ளேன்' என்பதன் முதலெழுத்து உகரம். இதழ் குவிந்து பிறப்பது. அவன் இதழ் குவிந்தது; எனவே உகரத்தின் வடிவம் வாயில் அமைந்துவிட்டது. மிடற்றில் குரல் எழவும், நா அடுத்துள்ள ளகரத்தை நோக்கி நகரவும் வேண்டிய கணத்தில் இயக்கம் நின்றது.

திக்கல் என்பது யாது?

இயல்பான பேச்சில் ஒரு நொடிக்கு ஐந்தாறு அசைகள் வெளிப்படுகின்றன. மூச்சு, குரல்வளை, தாடை, நா, இதழ் ஆகியவற்றைச் சார்ந்த ஏறத்தாழ நூறு தசைகள் அதற்காக ஒத்தியங்குகின்றன. திக்கல் மூவகையாக வெளிப்படும். எழுத்தோ அசையோ மீண்டும் மீண்டும் வருவது ஒன்று. ஓர் ஒலி அளவிறந்து நீள்வது மற்றொன்று. ஒலியே எழாமல் அடைபட்டு நிற்பது மூன்றாவது. கேட்போர் முதலிரண்டையே கவனிக்கின்றனர். பேசுவோரை மிகவும் வருத்துவது பெரும்பாலும் மூன்றாவதே.

'ப-ப-ப-பழனி' என்று ஒருவர் திக்குவதாகக் கொள்வோம். அவருக்குப் பகரம் வரவில்லை என்று கூறலாமா? கூறலாகாது. பகரம் நான்கு முறை பிழையின்றி வந்துள்ளது! வராதது, பகரத்திலிருந்து ழகரத்திற்குச் செல்லும் வழியே ஆகும். தாமே திக்கிப் பேசியவரும், பேச்சு ஆய்வில் பெரும்பெயர் பெற்றவருமான அமெரிக்க அறிஞர் சார்லஸ் வான் ரைப்பர், 1971இல் வெளியிட்ட தம் நூலில் இக்கருத்தை வலியுறுத்தினார். தசைகளின் இயக்கம் உரிய காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நிகழாமையே திக்கல் என்பது அவர் துணிபு. கால் வலுவாக இருந்தும் படி இறங்கும்போது அடி தவறுவதுபோல, உறுப்புகள் பழுதின்றி இருந்தும் நாவின் நடை தவறுகிறது.

'திக்குவாய்' என்னும் சொல்லைப்பற்றியும் ஈண்டு ஒன்று கூறல் வேண்டும். அச்சொல் வாயைக் குற்றவாளியாக்குகிறது. பின்னர் அந்த வாயையே மனிதனுக்குப் பெயராகச் சூட்டிவிடுகிறது. இரண்டும் பிழை.

தெரிந்து தெளிவோம்

ஏறத்தாழ நூறு குழந்தைகளுள் ஐவருக்கு மழலைப் பருவத்தில் திக்கல் தோன்றுகிறது. அவர்களுள் பெரும்பாலோர் வளரும்போதே அதிலிருந்து விடுபடுகின்றனர். வளர்ந்தோரில் நூற்றில் ஒருவர் அளவுக்கு அது நிலைத்துவிடுகிறது. பெண்களைவிட ஆண்களிடம் இது மிகுதி.

தவறிய மருத்துவங்கள்

வாயையே குற்றவாளியாகக் கருதியதன் விளைவு கொடியது. 1841இல் பெர்லின் நகர அறுவை மருத்துவர் டீஃபன்பாக், திக்கலைப் போக்க எண்ணி நோயாளிகளின் நாவடித் தசையை ஆப்புவடிவில் வெட்டியெடுத்தார். மயக்க மருந்து வழக்கத்திற்கு வராத காலம் அது.

இருபதாம் நூற்றாண்டில் பழி வாயிலிருந்து வீட்டுக்கு மாறியது. அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வெண்டல் ஜான்சன், திக்கல் குழந்தையின் வாயில் தொடங்குவதன்று, பெற்றோரின் செவியில் தொடங்குவது என்று கருதினார். மழலையின் இயல்பான தடுமாற்றத்தைக் குறையெனச் சுட்டுவதே அதனைக் குறையாக்குகிறது என்பது அவர் கொள்கை. அதனைச் சோதிக்க 1939இல் ஓர் ஆதரவற்றோர் இல்லத்துக் குழந்தைகள் 22 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். நன்றாகப் பேசிய சிலரிடமும் 'உனக்குத் திக்கல் இருக்கிறது' என்று திரும்பத் திரும்பக் கூறப்பட்டது. அவர்கள் திக்குவோராக மாறிவிடவில்லை; ஆனால் பேசுவதற்கே அஞ்சி ஒடுங்கினர். பல்கலைக்கழகம் இதற்காக வருத்தம் தெரிவித்தது 2001இல்! கொள்கை தவறாயினும், அச்சத்தை ஊட்டுவது எத்துணை எளிது என்பதை அச்சோதனை காட்டிவிட்டது. என் வகுப்பில் எழுந்த சிரிப்பை இதனைப் படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

எதிரொலிப் பாறை

கொடைக்கானலில் டால்பின் மூக்கு எனப்படும் பாறைக்கு அருகே எதிரொலிப் பாறை உள்ளது. சுற்றுலா வருவோர் அங்கு நின்று தம் பெயரைக் கூவி, பள்ளத்தாக்கு அதனைத் திருப்பிச் சொல்லக் கேட்டு மகிழ்வர். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். ஒரு நொடி கழித்து எதிரொலி வந்தால் எதிரே உள்ள மலைமுகம் 170 மீட்டர் தொலைவில் இருக்கிறது என்பது பொருள்.

நாம் பேசும்போது நம் குரலை நாமும் கேட்கிறோம். அக்குரல் சற்றுத் தாமதமாக நம் செவிக்கு வந்தால் என்னாகும்? 1950ஆம் ஆண்டில் பெர்னார்டு லீ என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஒலிப்பதிவுக் கருவியைக்கொண்டு இதனை ஆராய்ந்தார். ஏறத்தாழ 0.2 நொடித் தாமதத்துடன் தம் குரலைக் கேட்டோர், தெளிவாகப் பேசக்கூடியவராயினும் தடுமாறினர், அசைகளை நீட்டினர், மீண்டும் மீண்டும் ஒலித்தனர். 34 மீட்டர் தொலைவிலுள்ள பாறையின் எதிரொலிக்கு நிகரான தாமதம் அது. வியப்பு யாதெனில், திக்கிப் பேசுவோர் பலருக்கு இத்தகைய தாமதமே பேச்சைச் சீராக்குகிறது. இதனை அடிப்படையாகக் கொண்டு காதில் அணியும் கருவிகளும் செய்யப்பட்டன. எனினும் அவற்றின் பயன் எல்லார்க்கும் ஒன்றாக இல்லை.

பறவைகளும் இதற்கு விலக்கல்ல. பழனி மலைச் சோலைகளில் வாழும் சிரிப்பான் என்னும் பறவையைப் போன்ற பாடும் பறவைகள், தம் பாட்டைக் கேட்டே கற்கின்றன. சீப்ரா ஃபிஞ்ச் என்னும் சிறு பறவை பாடும்போது அதன் குரலைத் தாமதமாக ஒலிக்கச் செய்து, 1999இல் கலிபோர்னிய ஆய்வாளர் இருவர் சோதித்தனர். நாளடைவில் அப்பறவையின் பாட்டு சிதைந்தது, அசைகள் திக்கின. தாமத ஒலியை நிறுத்தியபின் பழைய பாட்டு மீண்டது.

சேர்ந்திசையின் துணை

மூளையைப் படம்பிடிக்கும் முறைகள் வந்தபின் ஆய்வு மேலும் ஆழமானது. திக்கிப் பேசுவோரின் இடப்பக்க மூளையில், பேச்சியக்கத்திற்குரிய பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளில் வேறுபாடு இருப்பதை 2002இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் கண்டனர். 2010இல் டென்னிஸ் டிரேய்னா குழுவினர், திக்கல் மிகுந்த பாகிஸ்தான் குடும்பங்களை ஆராயத் தொடங்கி, மூன்று மரபணுக்களின் மாற்றங்களுக்கும் திக்கலுக்கும் தொடர்புண்டு என வெளியிட்டனர். திக்குவோர் அனைவருக்கும் அவை காரணமல்ல. ஆயினும் திக்கல் வளர்ப்பின் குறையோ மனவுறுதியின் குறையோ அன்று என்பது இதனால் உறுதிப்பட்டது.

இனி அம்மாணவனின் பாட்டுக்கு வருவோம். தனியே பேசும்போது ஒவ்வோர் அசையும் எப்போது தொடங்க வேண்டும் என்பதை மூளையே உள்ளிருந்து குறிக்க வேண்டும். பாட்டிலோ தாளம் அதனைக் குறிக்கிறது. பலர் சேர்ந்து சொல்லும்போது அருகிலிருப்போரின் குரல் குறிக்கிறது. வெளியிலிருந்து காலக்குறிப்புக் கிடைப்பதால் இயக்கம் தடையின்றித் தொடர்கிறது என்பது ஆய்வாளர் பலர் தரும் விளக்கம். நான் கூறிய 'மெதுவாக' என்னும் சொல்லில் அத்தகைய துணை ஏதுமில்லை.

இத்துறையில் பயிற்சியும் சிகிச்சையும் அளிப்பதற்கு மைசூரில் 1965இல் நடுவண் அரசின் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டிலும் பேச்சுப் பயிற்சியாளர்கள் உள்ளனர். ஆனால், மேல்மலையிலிருந்து ஒரு மாணவன் அவர்களை நாடிச் செல்வது அக்காலத்தில் எளிதன்று. வகுப்பில் இயன்றதையே செய்தோம். வருகைப்பதிவில் கையுயர்த்தினால் போதும் என்றாயிற்று. செய்யுளை இருவர் இருவராகச் சேர்ந்து வாசித்தனர். அவன் நிற்கும்போது, அவனுடைய சொல்லை மற்றவர் நிறைவு செய்தல் கூடாது என்னும் விதியை மாணவர்களே வகுத்தனர்.

ஆண்டிறுதியில் பிறப்பியல் நடத்தினேன். பகரம் எங்கே பிறக்கும் என்று கேட்டேன். அவன் எழுந்தான். இகரத்தில் நின்றது. சன்னலுக்கு வெளியே மூடுபனி நகர்ந்துகொண்டிருந்தது, வகுப்பு காத்திருந்தது. "இ… இதழில் ஐயா" என்றான். "எந்த இதழ்?" என்று கேட்டேன். "இரண்டும்" என்றான்.

கற்பவை கற்றபின்

'பழனி', 'கொடை', 'வெள்ளி' ஆகிய சொற்களைக் கண்ணாடி முன் நின்று மெல்ல ஒலிக்க. ஒவ்வோர் எழுத்தின்போதும் நாவும் இதழும் எங்கே பொருந்துகின்றன என்பதைக் குறித்து, பிறப்பியல் கூறுவதோடு ஒப்பிடுக.

உரைநடைப் பகுதி ஒன்றைத் தனியாகவும், பின் நண்பரோடு ஒருங்கேயும் வாசித்து, மூச்சு விடும் இடங்களும் வேகமும் எவ்வாறு மாறுகின்றன எனக் கலந்துரையாடுக.