மண்ணுக்கேற்ற மாட்டினம்

கிராமக் குடும்பங்களின் வருவாயில் கறவை மாடு பெறும் இடத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை. நிலத்தில் விளைச்சல் பொய்த்த ஆண்டிலும் காலையும் மாலையும் கையில் காசு வர வழி செய்வது பசுவே. ஆனால், மழை பொய்த்துப் புல் கருகிய அதே ஆண்டில் அப்பசுவும் தளர்ந்து வீழுமாயின், அக்குடும்பத்திற்கு வேறு பற்றுக்கோடு இல்லாமற் போகும். ஆகவே, "இம்மாடு எத்தனை லிட்டர் கறக்கும்?" என்று கேட்கும் நாம், "இம்மாடு எத்தகைய கோடையைத் தாங்கும்?" என்றும் கேட்டுப் பழக வேண்டும். இவ்விரண்டு வினாக்களுக்கும் ஒருங்கே விடை காண்பதே இன்றைய இனவிருத்தியின் நோக்கமாகும்.

தாங்கும் திறன் யாது?

வெயிலையும், நோயையும், தீவனக் குறைவையும் பொறுத்துக்கொண்டு, பாலை வெகுவாகக் குறைக்காமல், உரிய காலத்தில் மீண்டும் சினையாகி, பல ஈற்றுகள் வரை பயன் தரும் தன்மையே தாங்கும் திறன் எனப்படும். இதன் மதிப்பை ஓர் எளிய கணக்கால் அறியலாம்.

ஒரு பசு நாளொன்றுக்குச் சராசரி 9 லிட்டர் வீதம் 300 நாட்கள் கறக்கிறது. ஆனால், 18 மாதங்களுக்கு ஒரு முறையே கன்று ஈனுகிறது என்று கொள்வோம். மற்றொரு பசு 7 லிட்டர் வீதம் 300 நாட்கள் கறந்து, 13 மாதங்களுக்கு ஒரு முறை கன்று ஈனுகிறது. முதற் பசுவின் ஓர் ஈற்றுப் பால் 2,700 லிட்டர். ஆண்டுக் கணக்கில் அது 1,800 லிட்டரே ஆகும். இரண்டாவது பசுவின் ஓர் ஈற்றுப் பால் 2,100 லிட்டர். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,940 லிட்டர். கன்றுகளும் அதிகம், தீவனச் செலவும் குறைவு. செம்பில் நிறையும் பாலை மட்டும் கண்டு மாட்டை மதிப்பிடுதல் கூடாது என்பது இதனால் விளங்கும்.

நம் இனங்களின் சிறப்பு

திமிலும் தொங்கும் அலைதாடியும் உடைய நம் நாட்டு மாடுகள் வெப்ப நாட்டிற்கென்றே அமைந்தவை. அவற்றின் வியர்வைச் சுரப்பிகள் பெரியவை; உடலில் தோன்றும் வெப்பமும் குறைவு. தோலில் உண்ணிகள் எளிதிற் பற்றுவதில்லை. உண்ணிகளால் பரவும் காய்ச்சல் நோய்களை அயல் இனங்களைவிட இவை நன்கு எதிர்த்து நிற்கின்றன.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு நிலப்பகுதிக்கும் ஏற்ற மாட்டினம் உண்டு. காங்கேயம் மாடு, கிளுவை வேலியிட்ட கொறங்காடுகளில் கொழுக்கட்டைப் புல்லையும் வெள்வேல மரத்தின் காய்களையும் தின்று, மழை குறைந்த மேட்டு நிலத்தில் உழைத்து வளர்ந்தது. இவ்வினத்தைப் பேணியதில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தின் பங்கு பெரிது. உம்பளச்சேரி மாடு காவிரிக் கடைமடையின் சேற்று வயல்களில் உழுவதற்குப் பேர்போனது. பர்கூர் மாடு மலைக்காட்டில் மேய்ந்து வாழ்வது. புலிக்குளம் மாடு தென் மாவட்டங்களில் கிடை போட்டு வளர்க்கப்படுவது.

இவை பெரும்பாலும் உழைப்பிற்கென வளர்க்கப்பட்டவை. ஆதலால் பால் குறைவே. டிராக்டர் வந்த பின் உழவு மாட்டின் தேவை குறைந்து, இவ்வினங்களின் எண்ணிக்கையும் சுருங்கியது. ஓர் இனம் அழியுமாயின், பல நூறு ஆண்டுகளாக மண்ணும் மக்களும் சேர்ந்து அதனுள் சேமித்த வலிமையும் அழியும். மீண்டும் அதனைப் பெற வழியில்லை. எனவே, இவ்வினங்களின் சொந்தப் பகுதிகளில் நல்ல நாட்டுப் பசுக்களுக்கு அதே இனத்துக் காளையையே சேர்த்தல் வேண்டும்.

கலப்பினத்தின் கணக்கு

பாலைப் பெருக்குவதற்காக ஜெர்சி, ஃபிரீசியன் ஆகிய அயல் இனங்கள் இங்கே கொணரப்பட்டன. இரண்டும் குளிர் நாட்டு மாடுகள். நாட்டுப் பசுவை ஜெர்சிக் காளையுடன் சேர்த்தால் பிறக்கும் கிடேரியிடம் இரண்டு இனங்களின் கூறும் சரிபாதியாக இருக்கும். முதல் தலைமுறைக்கே உரிய கலப்பு வீரியமும் சேர்வதால், அது தாயைவிட மிகுதியாகக் கறக்கும், முன்னதாகவே பருவமடையும், வெயிலையும் ஓரளவு தாங்கும்.

இதனைக் கண்டு மகிழ்ந்தவர்கள் அக்கிடேரிக்கும் தூய ஜெர்சியின் விந்தையே செலுத்துவது உண்டு. அப்போது அயல் இனக்கூறு முக்காலாகிறது; அடுத்த தலைமுறையில் எட்டில் ஏழு பங்காகிறது. கூறு ஏற ஏறப் பாலும் அதே வீதத்தில் ஏறும் என்று எண்ணுதல் பிழை. கோடையில் மூச்சிரைத்தலும், உண்ணிக் காய்ச்சலும், சினை பிடியாமையும் ஏறுகின்றன. ஆகவே, சமவெளியில் அயல் இனக்கூறு பாதியளவில் நிற்பதே நலம். பாதிக்கலப்புப் பசுவுக்குத் தேர்ந்த பாதிக்கலப்புக் காளையின் விந்தைச் செலுத்தினால் அவ்வளவு நிலைபெறும். முதல் தலைமுறையின் கலப்பு வீரியத்தில் ஒரு பகுதி குறையுமாயினும், நல்லவற்றைத் தெரிந்தெடுத்து வளர்ப்பதால் அக்குறையை ஈடு செய்யலாம். குளிர்ந்த மலைப்பகுதிகளில் ஃபிரீசியன் கலப்பு பொருந்தும்.

பிற நாடுகள் காட்டிய வழி

நம் மாடுகளின் அருமையைப் பிற நாட்டினர் நன்கு உணர்ந்தனர். ஜமைக்காவில் டாக்டர் தாமஸ் லெக்கி என்பார், ஜெர்சியுடன் நம் துணைக்கண்டத்துச் சாகிவால் இனத்தைக் கலந்து 'ஜமைக்கா ஹோப்' என்னும் வெப்பம் தாங்கும் கறவை இனத்தை உருவாக்கினார். அது 1952-இல் தனி இனமாக ஏற்கப்பட்டது. பிரேசில் நாட்டார் நம் குஜராத்தின் கிர் மாட்டையும் ஹோல்ஸ்டீன் மாட்டையும் கலந்து 'ஜிரோலாண்டோ' இனத்தைக் கண்டனர். அதில் அயல் கூறு எட்டில் ஐந்து பங்கு. கிர் கூறு எட்டில் மூன்று பங்கு. கேரளத்தில் 1963-இல் தொடங்கிய இந்திய-சுவிட்சர்லாந்துக் கூட்டுத் திட்டத்தின் வழியாகச் 'சுனந்தினி' கலப்பினம் தோன்றியது. இவை அனைத்திலும் பாலும் தாங்கும் திறனும் சேர்த்தே தெரிந்தெடுக்கப்பட்டன என்பதை நாம் கருத வேண்டும்.

விவசாயி செய்ய வேண்டியவை

1. குறிப்பேடு வைத்தல்: ஒவ்வொரு பசுவுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குக. கன்று ஈன்ற நாள், கருவூட்டிய நாள், காளையின் எண், வாரம் ஒரு நாள் கறந்த பால், கண்ட நோய் ஆகியவற்றைக் குறித்து வருக. சித்திரை, வைகாசியில் எப்பசுவின் பால் அதிகம் குறையவில்லை என்று பார்த்தால், எது வெப்பம் தாங்கும் மாடு என்பது தானே தெரியும். அதன் கிடேரிகளையே நிறுத்திக்கொள்க.

2. காளையை அறிதல்: காளையின் தோற்றத்தைவிட அதன் மகள்களின் கறவையே மேலான சான்று. கருவூட்டும்போது, "எந்த இனம்? எவ்வளவு கலப்பு?" என்று கேட்டறிதல் உங்கள் உரிமையாகும்.

3. நெருங்கிய உறவைத் தவிர்த்தல்: தந்தைக் காளையை மகளுடன் சேர்த்தல் ஆகாது. கன்றுகள் நலிந்து பிறக்கும்.

4. பருவம் அறிதல்: பசு ஏறத்தாழ 21 நாட்களுக்கு ஒரு முறை பருவத்திற்கு வரும். காலையில் பருவக்குறி கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாட் காலையிலும் கருவூட்டுக. கோடையில் பருவக்குறி மங்கலாக இருக்கும். ஆதலின் விடியற்காலையிலும் இரவிலும் கூர்ந்து நோக்குக.

5. கவனிப்பு: பசுக்களிடையே பால் அளவில் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே பரம்பரையால் வருவது, சினையாகும் திறனிலோ அப்பங்கு மிகச் சிறிது. எஞ்சியவை தீவனம், தண்ணீர், நிழல், மருத்துவம் ஆகியவற்றையே சார்ந்தவை. கொட்டிலருகே நிழல்மரமும், எந்நேரமும் குளிர்ந்த குடிநீரும், வெயில் தாழ்ந்த பின் தீவனமும் இல்லையேல், எந்த இனமும் தன் திறனைக் காட்ட இயலாது.

எருமையும் ஆடும்

எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் குறைவு. கருந்தோல் வெயிலை மிகுதியாக ஈர்க்கும். ஆதலின் குளமோ நீர்த்தெளிப்போ இல்லாத இடத்தில் உயர்ந்த முர்ரா எருமையும் பயன் தராது. நீலகிரியின் தோடா எருமை மலைக்கே உரியது. அதனைத் தூய்மையாகவே பேணுதல் வேண்டும். மேச்சேரி போன்ற செம்மறி இனங்கள் வறண்ட நிலத்திற்கு ஏற்றவை. மந்தையில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை கிடாவை மாற்றினால் இரத்தக்கலப்பின் தீமை நேராது.

பாசன வசதியும் பசுந்தீவனமும் பால் சங்கமும் உள்ள ஊருக்குப் பாதிக்கலப்புப் பசு ஏற்றது. மேய்ச்சலை நம்பிய மானாவாரி ஊருக்கு நாட்டினம் ஏற்றது. அண்டை ஊரில் கண்ட மாட்டையே நம் ஊரிலும் கட்ட வேண்டும் என்பதில்லை. நம் நிலம், நீர், தீவனம் ஆகியவற்றை முதலில் அளந்து, பின்னர் காளையைத் தெரிந்தெடுப்போமாக. இன்று செய்யும் இத்தெரிவின் பயன் மூன்று ஆண்டுகள் கழித்துக் கறவைக்கு வரும் கிடேரியிடம் தெரியும். பிழையான தெரிவின் இழப்பும் அன்றே தெரியும். ஆகவே, ஒவ்வொரு கருவூட்டலுக்கு முன்பும் அருகிலுள்ள கால்நடை மருத்துவரைக் கலந்துகொண்டு, நம் மண்ணுக்கேற்ற மாட்டைப் பெருக்குவோமாக.