எழுத்து தெரியுது, பக்கத்துல நிக்கிற மாடு தெரியலையே!



இந்த மாதப் பாடம் கண்ணைப் பற்றியது. "கண்ணுக்கும் குழுவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். நம் குழுக்களில் எத்தனை பேர் வண்டி ஓட்டுகிறோம் என்று எண்ணிப் பாருங்கள். வங்கிக்குப் போக, பிள்ளையைப் பள்ளியில் விட, நெய்த புடவையைக் கொண்டுபோய்க் கொடுக்க என்று எல்லாவற்றுக்கும் வண்டிதான். 2018-ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு மானியத்தில் ஸ்கூட்டர் கொடுத்தார்கள். அந்தத் திட்டம் இப்போது இல்லை. ஆனால் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண்கள் இருக்கிறோம்.

ஒரு அக்காவின் அனுபவம்

பெயர் வேண்டாம். காஞ்சிபுரத்தில் ஒரு குழுவின் ஊக்குநர், வயது 38. பகலில் தறியில் உட்கார்ந்தால் அறுந்த இழையைக் கண்டுபிடித்து முடிச்சுப் போடுவார். ஆனால் எழுந்து நடந்தால் பக்கத்தில் வைத்த சொம்பு காலில் இடறும். "எப்பவும் அவசரம்தான் உனக்கு" என்று மாமியார் திட்டுவார்.

ஒரு நாள் சாயங்காலம் கூட்டம் முடிந்து மொபெட்டில் வீட்டுக்குப் போனார். ரங்கசாமி குளம் அருகே ஓரமாக நின்ற மாட்டின் மேல் மோதி விழுந்தார். கையில் அடி. கூடியவர்கள், "ஏம்மா, கண்ண எங்க வச்சிருந்த?" என்று கேட்டார்கள்.

மறுநாள் பார்க்கப் போனேன். மெதுவாகச் சொன்னார்: "பொழுது சாய்ஞ்சா ரெண்டு வருஷமா சரியாத் தெரியல மேடம். கண் முகாம்ல பலகையில இருந்த எழுத்தெல்லாம் படிச்சேன், நல்லாருக்குன்னு சொல்லிட்டாங்க. அப்புறம் யார்கிட்ட சொல்றது? பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது."

பரிசோதனையில் தெரிந்தது: அது ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா. சுருக்கமாக ஆர்.பி. என்பார்கள்.

இது என்ன நோய்?

கண்ணின் பின்பக்கம் விழித்திரை இருக்கிறது. அதில் இரண்டு வகை செல்கள் உண்டு. குச்சி செல்கள் மங்கிய வெளிச்சத்திலும் ஓரத்திலும் பார்க்க உதவுகின்றன. கூம்பு செல்கள் நிறத்தையும் நடுப்பார்வையையும் கொடுக்கின்றன. ஆர்.பி.யில் குச்சி செல்கள்தான் முதலில் அழியத் தொடங்கும். அதனால் முதலில் இரவில் தெரியாது. பிறகு ஓரம் குறுகிக்கொண்டே வரும். புடவையில் கரை முதலில் நைந்து, நடுவில் உடல் மட்டும் மிஞ்சுவது போல. அந்த நடுப்பார்வையால்தான் பலகை எழுத்தையும் தறி இழையையும் பார்க்க முடிகிறது. ஆனால் பக்கத்தில் வரும் வண்டி தெரியாது.

உலக அளவில் சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு இது இருக்கிறது. பரம்பரையாக வருவது, தொற்று நோய் அல்ல. பல குடும்பங்களில் தாய், தகப்பன் இருவருமே அறியாமல் குறையுள்ள மரபணுவைச் சுமப்பார்கள். அப்படி இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய் வர வாய்ப்பு. மாமன் மகன், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டும்போது இந்த வாய்ப்பு கூடுகிறது. எனவே "தாய் வயித்துக் கோளாறு" என்று பெண்ணை மட்டும் பழிப்பது தவறு.

மாலைக்கண் எல்லாம் ஒன்றல்ல

"முருங்கைக் கீரை சாப்பிடு, சரியாயிடும்" என்பார்கள். வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண் உரிய சிகிச்சையால் சரியாகும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது வருவதுண்டு. ஆனால் ஆர்.பி. கீரையால் குணமாகாது. மருத்துவர் சொல்லாமல் வைட்டமின் ஏ மாத்திரையை அளவுக்கு மீறிச் சாப்பிடக் கூடாது. கர்ப்பிணிகளுக்கு அது குழந்தையையே பாதிக்கும்.

ஆர்.பி.யை முழுவதும் குணமாக்கும் பொதுவான மருந்து இன்று இல்லை. 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணு சிகிச்சை ஒரே ஒரு மரபணுக் குறைக்கு மட்டும். எனவே "மூணு மாசத்துல பார்வை வரும்" என்பவரிடம் பணம் கட்ட வேண்டாம். அதற்குக் குழுவில் கடன் கேட்டால், முதலில் கண் மருத்துவரைக் கேட்டுவரச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-ல், நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் உள்ள நம்பர் பிளேட் தெரிகிறதா என்று ஒரு கேள்வி. மாலைக்கண் உண்டா என்று இன்னொரு கேள்வி. இரண்டுக்கும் நாமே பதில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். தரகர் நிரப்பிக் கொடுத்ததைப் படிக்காமல் கையெழுத்திட்டவர்கள் நம்மில் உண்டு. 40 வயதுக்கு மேல் மருத்துவர் சான்றும் (படிவம் 1-ஏ) வேண்டும். ஆனால் 30 வயதில் எடுத்த உரிமம் 10 வருடம் செல்லும். இடையில் ஓரப்பார்வை குறைந்தால் யாரும் கேட்கப் போவதில்லை. இங்கிலாந்தில் ஆர்.பி. உள்ளவர் உரிம அலுவலகத்துக்கு அறிவித்தே தீர வேண்டும். பக்கவாட்டில் 120 டிகிரியாவது தெரிந்தால்தான் கார் ஓட்ட விடுவார்கள். இங்கே அந்தப் பொறுப்பு பெரும்பாலும் நம் மனசாட்சியிடம் இருக்கிறது. ஆபத்தான குறை இருப்பது தெரிந்தே ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 186-ன்படி குற்றம்.

நாம் கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

1. வெயிலிலிருந்து வீட்டுக்குள் வந்தால் வெகுநேரம் ஒன்றும் தெரியாமல் இருப்பது.
2. சினிமா கொட்டகையில், கோயில் பிரகாரத்தில் தடுமாறுவது.
3. பக்கத்திலிருந்து ஆளோ வண்டியோ "திடீரென்று" வந்ததாக அடிக்கடி தோன்றுவது.
4. எதிர் வண்டி விளக்கு பட்டபின் ரொம்ப நேரம் கண் இருட்டுவது.

செய்து பார்ப்போம்

இரண்டு பேர் மூன்றடி இடைவெளியில் எதிரெதிரே உட்காருங்கள். ஒருவர் வலக்கண்ணையும் மற்றவர் இடக்கண்ணையும் மூடுங்கள். எதிராளியின் திறந்த கண்ணையே பாருங்கள். ஒருவர் தன் விரலை இருவருக்கும் நடுவே, ஓரத்திலிருந்து மெதுவாக உள்ளே கொண்டுவரட்டும். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விரல் தெரிய வேண்டும். நான்கு பக்கமும் செய்து, அடுத்த கண்ணையும் பாருங்கள். ஒருவருக்கு மிகத் தாமதமாகத் தெரிந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். சரியாக வந்தாலும் மேலே சொன்ன அறிகுறி இருந்தால் போகத்தான் வேண்டும்.

கிளாகோமா என்ற கண் நீர் அழுத்த நோயிலும் ஓரப்பார்வை போகும். அதைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் சொட்டு மருந்தால் மேலும் பார்வை போகாமல் பெரும்பாலும் தடுக்கலாம். ஆகவே பயந்து ஒளிக்க வேண்டாம்.

எங்கே போவது?

முதலில் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை. மேல் பரிசோதனைக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது, 1819-ல் தொடங்கியது. பூந்தமல்லி சாலையில் அரவிந்த், சென்னையில் சங்கர நேத்ராலயா உண்டு. "ஓரப்பார்வையையும் பாருங்கள்" என்று நீங்களே கேளுங்கள். ஆர்.பி. உள்ளவர்களுக்குக் கண்புரையும் விழித்திரை வீக்கமும் வரலாம். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு என்பதால் வருடம் ஒருமுறை போக வேண்டும்.

இன்னொன்று. 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, பார்வைப் பரப்பு 40 டிகிரிக்குக் கீழே சுருங்கினாலே குறைபார்வை. 10 டிகிரிக்குக் கீழே போனால் பார்வையின்மை. பலகை எழுத்தை நன்றாகப் படித்தாலும் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

அந்த அக்கா இப்போது

வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டார். மருத்துவர் சொன்னது ஒரு காரணம். "அன்னிக்கு மாடு. அது ஒரு புள்ளையா இருந்திருந்தா?" என்று அவரே கேட்டது இன்னொரு காரணம். வண்டிக் கடனில் ஏழு தவணை பாக்கி இருந்தது. குழுவிலேயே ஒருவர் வண்டியை வாங்கிக்கொண்டு தவணையை ஏற்றார். கூட்டம் மாலை 6 மணியிலிருந்து 3 மணிக்கு மாறியது. வங்கிக்குப் பிரதிநிதி ஒருவர் பின்னால் உட்கார்த்தி அழைத்துப் போகிறார். கணக்கு இன்னும் அக்காதான் எழுதுகிறார். மகளிடமும் சொல்லிவிட்டார், சம்பந்தம் பேசும் முன் மரபியல் ஆலோசனைக்குப் போகப் போகிறார்கள்.

"வண்டி ஓட்டின நாலு வருஷம் யார்கிட்டயும் கேட்காம போனேன், வந்தேன். அதுதான் மனசுல நிக்குது" என்றார். அந்த வருத்தத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்காமலே கூட்டிப்போக நாம் இருந்தால் அது கொஞ்சம் குறையும்.

கூட்டத்தில் கலந்து பேச

1. நம் குழுவில் இருட்டிய பின் வண்டி ஓட்டத் தயங்குபவர் யார்? ஏன் என்று கேட்டோமா?
2. நம் கூட்ட நேரம் எல்லோரும் வெளிச்சத்தில் வீடு திரும்பும்படி இருக்கிறதா?
3. ஒருவர் வண்டியை விட வேண்டி வந்தால், அவர் வேலையைப் பறிக்காமல் குழு எப்படி உதவலாம்?

பேசி முடிவானதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அடுத்த மாதம் வரும்போது பார்க்கிறேன்.