பாட்டுக்குள் ஊர்ப்பேர்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரக் கோயில் கொடையில் உன் பாட்டைப் பாடினார்கள், எழுதினவன் பேரை மேடையில் ஒருத்தரும் சொல்லவில்லை என்று ராத்திரி போனில் சொன்னாய். உன் குரல் கம்மியிருந்தது. எனக்கும் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

சங்கரன்கோவில் பக்கம் சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியாரை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். முப்பது வயது நிறையும் முன்பே போய்விட்ட மனுஷன். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் கழுகுமலைக்குக் காவடி எடுத்தபோது வழிநடைக்கென்று ரெட்டியார் கட்டியது காவடிச்சிந்து என்பார்கள். பாடிப் பார், காவடி தூக்கினவன் கால் விழுகிற இடத்தில் சொல்லும் விழும். பின்னால் பாரதியும் சிந்து மெட்டை எடுத்தாண்டார். கச்சேரி மேடைக்கும் அது போயிற்று. ரெட்டியார் தன் ஊரையும் பேரையும் பாட்டுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிட்டார். அதைப் பாடுகிறவன் எந்தச் சீமைக்காரனானாலும் சென்னிகுளத்தைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அமெரிக்காவில் ராக் அண்ட் ரோலுக்குத் தடம் போட்ட சக் பெர்ரி கதையையும் கேள். 1955இல் அவருடைய ‘மேபலீன்’ இசைத்தட்டு வந்தது. பழைய நாட்டுப்புறப் பாட்டு ஒன்றிலிருந்து கிளைத்த மெட்டு, சொல்லெல்லாம் அவருடையது. ஆனால் எழுதியவர்கள் என்று அவரோடு இன்னும் இரண்டு பேர் ஏறியிருந்தார்கள். அதில் ஒருவர் ரேடியோவில் இசைத்தட்டு போடுகிற ஆலன் ஃப்ரீட். ராயல்டியிலும் அவர்களுக்குப் பங்கு. பாட்டு முழுசாகப் பெர்ரி பேருக்குத் திரும்ப 1986 ஆயிற்று. 31 வருஷம், தம்பி!

அதே பெர்ரி 1958இல் ‘ஜானி பி. கூட்’ பாடினார். செயின்ட் லூயிஸில் அவர் பிறந்த தெரு கூட் அவென்யூ; அந்தத் தெருப்பேரைத்தான் பாட்டின் நாயகனுக்கு வைத்தார். 1977இல் கிளம்பிய வாயேஜர் விண்கலங்களின் தங்கத் தட்டில் அந்தப் பாட்டும் இருக்கிறது.

நீ செய்யவேண்டியது இது. பாட்டு முடிந்த அன்றே தேதி போட்டு நோட்டில் எழுது. ரெக்கார்டிங்குக்குக் கொடுக்குமுன் எழுதியவர் யார் என்று காகிதத்தில் வாங்கு. தெரிந்தவர்தானே என்று கூச்சப்படாதே. 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம், பாடலாசிரியனின் ராயல்டி உரிமையை எளிதில் எழுதி வாங்கிவிட முடியாதபடி காவல் வைத்திருக்கிறது. அதை ஒருமுறை உட்கார்ந்து படி.

அடுத்த பாட்டைக் கொக்கிரகுளத்தில் தொடங்கி, சுலோசன முதலியார் பாலம் ஏறி, ஜங்ஷன் வரைக்கும் பாடிக்கொண்டே நட. கீழே தாமிரபரணி ஓடட்டும். மூச்சு முட்டுகிற இடத்தில் சொல்லை மாற்று. கடைசிச் சரணத்தில் உன் ஊர்ப்பேரை வை. வைத்த அன்றைக்கே பாளையங்கோட்டைக்கு வந்து எனக்குப் பாடிக் காட்டு.

அன்புடன்,
அண்ணாச்சி