கூட்டிசையிற் காணும் ஒருமை

இசையின் வீறு ஓசைப் பெருக்கத்தால் உண்டாவதென்று எண்ணுவார் பலர். 'ராக்' இசையைப் பற்றியோவெனின் இவ்வெண்ணம் மேலும் வலுப்பெறும். யானும் அங்ஙனமே கருதியிருந்தேன். ஒரே பாடலை 23 நிமிடம் நீட்டி இசைத்தல் ஆற்றலைக் காட்டும் செருக்கேயன்றிப் பிறிதில்லையென நண்பரோடு வாதிட்டதும் உண்டு. பன்முறை கேட்டபின் அக்கருத்தை விட்டொழித்தேன். அதன் காரணத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவல்.

யான் கேட்டது, ஆல்மன் பிரதர்ஸ் குழுவினர் 1971 மார்ச்சில் நியூயார்க் நகரத்து ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் இசைத்த 'விப்பிங் போஸ்ட்' என்பது. காதலில் வஞ்சிக்கப்பட்டோன் ஒருவன் தன்னைக் கசையடித் தூணிற் கட்டுண்டவனாக உணரும் துயரமே இதன் பொருள். 1969-இல் வெளிவந்த முதல் இசைத்தட்டில் ஏறக்குறைய 5 நிமிட அளவினதாயிருந்த இப்பாடல், அரங்கில் விரிந்து, இரட்டை இசைத்தட்டின் நான்காம் பக்கம் முழுவதையும் நிறைத்தது.

குழுவினர் அறுவர். டுவேன் ஆல்மனும் டிக்கி பெட்ஸும் கித்தார் வாசிப்போர். கிரெக் ஆல்மன் ஆர்கன் இசைத்துப் பாடுபவர். பெர்ரி ஓக்லி பேஸ் கித்தாருக்கு உரியவர். புட்ச் டிரக்ஸ், ஜெய்மோ இருவரும் டிரம் முழக்குவோர்.

தொடக்கத்தில் பேஸ் கித்தார் தனித்தெழுகின்றது. அதன் தாளம் 11 எண்ணிக்கை உடையது. 3, 3, 3 எனச் சென்று இறுதியில் 2 ஆகக் குறுகும். எதிர்பார்த்த ஓர் எண்ணிக்கை குறைதலின், கேட்போர் நெஞ்சம் முன்னோக்கித் தள்ளப்படுகின்றது. பிற கருவிகள் பின்னர் வந்து சேர்கின்றன. ஈண்டுப் பிறக்கும் வீறு ஓசையால் வந்ததன்று, அமைப்பால் வந்ததென்க.

பாட்டின் ஒரு பகுதி முடிந்ததும் டுவேன் முன்னின்று வாசிக்கின்றார். அடுத்த பகுதியின்பின் பெட்ஸ் வாசிக்கின்றார். ஒருவர் முன்னிற்குங்கால் ஏனையோர் வாளா இருப்பாரல்லர். கித்தார் உயர்ந்தால் டிரம் அதனைத் தாங்கும். தாழ்ந்தால் இடமளித்து ஒதுங்கும். ஆர்கன் அடியில் நின்று இடைவெளியை நிரப்பும்.

இதன் உயிர்நிலையோ பத்து நிமிடம் கழிந்தபின் வருகின்றது. அவ்விடத்துத் தாளம் தளர்ந்து, ஓசை ஒடுங்கிக் கருவிகள் மெல்லிய குரலில் ஒன்றையொன்று நாடுகின்றன. முதலிற் கேட்டபோது இதனைச் சோர்வென்று எள்ளினேன். அஃது என் பிழை. அடுத்து எழும் சுரம் யாதென முன்கூட்டி எழுதப்பெறவில்லை. ஆதலின் அறுவரும் செவியாகின்றனர். ஒருவர் கவனம் சிதறினும் அமைதி வெறுமையாய்விடும். அது சிதறாமையாலன்றோ ஓசை குறைந்தும் வீறு குறையாதிருக்கின்றது! மீண்டும் இசை பொங்கியெழும்போது அவ்வெழுச்சியை நாம் தகுதியுடையதென ஏற்கின்றோம். ஈற்றிலும் முழு ஓய்வில்லை. கேட்போரின் ஆரவாரத்திடையே அடுத்த பாடலின் தொடக்கம் ஒலிக்க, ஒலிப்பதிவு மங்கி மறைகின்றது.

அவ்வாண்டு அக்டோபர் 29-இல் டுவேன் தம் 24-ஆம் வயதில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். அவ்வறுவரும் மீட்டும் ஒருங்கு கூடுதல் இயலாதாயிற்று. ஒலிப்பதிவு இல்லையாயின் அவ்வொருமை அன்றிரவோடே மறைந்திருக்கும்.

கேட்க விழைவார்க்கு ஒன்று கூறுவல். முதன்முறை கித்தாரை விடுத்துப் பேஸ் கித்தாரையே தொடர்க. மறுமுறை இரு டிரம்களையும் தொடர்க. அதன்பின் அனைத்தையும் ஒருங்கே கேட்க. நீளம் நீளமாய்த் தோன்றாது. தனக்குரிய முறை வருமளவும் பிறர்க்குத் துணைநிற்றல் எத்துணை அரியதென்பதும் அப்பொழுது விளங்கும்.