போதைப்பொருள் வழக்கும் ஜாமீனும்



ஜாமீன் என்னும் சொல் நமக்குப் புதியதன்று. பொறுப்பேற்பவர் எனப் பொருள்படும் 'ளாமின்' என்ற அரபுச் சொல்லே நம் பேச்சில் ஜாமீன் ஆயிற்று. கடன்பட்டவருக்காகப் பொறுப்பேற்பது போலவே, வழக்கில் சிக்கியவரைக் குறித்த நாளில் ஆஜர்படுத்துவதாகப் பொறுப்பேற்பதையும் பிக்ஹு நூல்கள் 'கபாலத்' என்னும் பாடத்தில் பேசுகின்றன. யூசுப் அலைஹிஸ்ஸலாம் அவர்கள் குற்றமின்றியே ஆண்டுக்கணக்கில் சிறையிலிருந்தார்கள். ஆதலின் காவலில் இருப்பவரெல்லாம் குற்றவாளி என்று கொள்ளலாகாது.

ஆயினும் போதைப்பொருள் வழக்கில் இந்நாட்டுச் சட்டம் மிகக் கடுமையானது. 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 41பி பிரிவு கூறுவது இது:

1. மரண தண்டனைக்குரிய குற்றமாயின் ஜாமீன் இல்லை.

2. ஐந்தாண்டுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனைக்குரிய குற்றமாயினும் ஜாமீன் இல்லை.

3. ஐந்தாண்டும் அதற்குக் குறைந்ததுமான குற்றத்தில் ஜாமீன் தரலாம். ஆனால் பொதுநலனுக்கு உகந்ததன்று என்று அரசுத் தரப்பு எழுத்து மூலம் சான்றளித்தால் அதுவும் இல்லை.

எனவே எடைதான் வழக்கின் உயிர்நாடி. வைத்திருந்த குற்றத்தில் ஹெரோயின் 5 கிராம், கஞ்சா 50 கிராம் எட்டினாலே ஜாமீன் கதவு மூடிவிடும்.

"பெண்ணாயிற்றே, நோயாளியாயிற்றே, விசேஷ காரணம் காட்டலாமே" என்று சிலர் கேட்பர். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 388ஆம் பிரிவு, பதினாறு வயதுக்குட்பட்டோர், பெண்கள், நோயாளிகள் ஆகியோருக்கு அத்தகைய சலுகை தருவது உண்மையே. அதன்படி 2002இல் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட, எண்பது வயது கடந்த ஒருவருக்கும் ஜாமீன் கிடைத்தது. ஆனால் போதைப்பொருள் வழக்கில் 41பி பிரிவே மேலோங்கும் என்று 1982இல் ஒரு பெண்ணின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இலங்கையின் சட்டம் வேறு. அங்கே 'விதிவிலக்கான சூழ்நிலை' இருந்தால் பிணை தரலாம் என்று சட்டமே சொல்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, கடத்தல் போன்ற பெருங்குற்றங்களில் சுத்த எடை 10 கிராமோ அதற்கு மேலோ இருந்தால், மேன்முறையீட்டு நீதிமன்றமே அதைத் தர முடியும். எது விதிவிலக்கு என்பதை நீதிபதியே ஒவ்வொரு வழக்காகப் பார்த்து முடிவு செய்கிறார். அங்குள்ள உறவினர் கூறும் அனுபவத்தை இங்கே நம்பி ஏமாறலாகாது.

ரிங்லெட் கடைத்தெருவில் வியாபாரம் செய்யும் நமக்கு இதனால் என்ன பாடம்?

முதலாவது, "பணம் கொடுத்தால் ஜாமீனில் எடுத்துத் தருகிறேன்" என்று வரும் தரகரிடம் ஒரு காசும் கொடாதீர்கள். சட்டம் மூடிய கதவைத் தரகர் திறக்க முடியாது.

இரண்டாவது, கடைப் பையனோ சொந்த மகனோ பிடிபட்டால் அன்றே வக்கீலை நாடுங்கள். தடுப்புக் காவல் பதினான்கு நாள் வரை நீளக்கூடும். மலேசியக் குடிமக்களுக்குத் தேசிய சட்ட உதவி அறவாரியம் அந்நேரத்தில் இலவசமாக உதவுகிறது. இரசாயன இலாகாவின் அறிக்கையில் எடை குறைந்து, குற்றச்சாட்டும் மாறினால், அப்போதுதான் ஜாமீன் கேட்க வழி பிறக்கும்.

மூன்றாவது, தாப்பாவிலிருந்து மேலேறும் லாரியில் அன்னியர் தரும் பொட்டலத்தை ஏற்றாதீர்கள். கடையிலும் வாங்கி வைக்காதீர்கள். ஒருவர் பொறுப்பில் உள்ள பொருளுக்குள் போதைப்பொருள் இருந்தால், அவர் அதை அறிந்தே வைத்திருந்ததாக 37ஆம் பிரிவு அனுமானிக்கிறது. அறியேன் என்று மெய்ப்பிக்கும் பாரம் அவர் தலையிலேயே விழும்.

அமானிதம் காப்பது நம் கடமை. எதை அமானிதமாக ஏற்கிறோம் என்று பார்த்து ஏற்பதும் கடமையே. அல்லாஹ் நம் பிள்ளைகளைக் காப்பானாக, ஆமீன்.