நூற்சுமை போக்கும் நெறி

ஒருவர் நாற்பது ஆண்டு வருந்தித் தொகுத்த நூல்கள், அவர் ஓய்வு பெறும் நாளிலோ மறைந்த மறுமாதத்திலோ, வீட்டார்க்குப் பெருஞ்சுமையாகி விடுகின்றன. அவற்றை ஏற்க விரும்பும் கல்லூரியோ சிற்றூர் நூலகமோ நெடுந்தொலைவில் இருக்கும். கொடுக்க மனம் உண்டு. கொள்ள இடம் உண்டு. இடையே கொண்டுசெல்லும் கூலிக்குத்தான் வழி இல்லை. பழந்தாள் வாங்கும் வணிகரோ தராசும் கையுமாய் வாயிலில் நிற்பர். இவ்வாறு எடைக்குப் போன நற்றொகுதிகள் பல. நூலை ஆக்குதலும் அச்சிடுதலும் பற்றி நாம் மிகுதியும் பேசுகின்றோம். நூல் ஓரிடம் விட்டு ஓரிடம் செல்லும் வழியைப் பற்றிப் பேசுவார் அரியர். தமிழ் பயிலும் மாணவராகிய யாம் அவ்வழியைச் சிறிது ஆராயப் புகுந்தோம்.

முதற்கண் சுமையின் அளவை அறிதல் வேண்டும். நூலொன்று 400 கிராம் என்று கொள்வோமாயின், 1,000 நூல்கள் 400 கிலோ ஆகும். ஆயின் அவை அடைக்கும் இடமோ சிறிது. நீளம், அகலம், உயரம் மூன்றும் 30 சென்டிமீட்டர் ஆகிய பெட்டியொன்றில் நூல்களை நெருங்க அடுக்கினால் ஏறத்தாழ 15 கிலோ நிறுக்கும். அத்தகைய பெட்டிகள் 27 இருப்பின் மேற்கூறிய 1,000 நூல்களும் அடங்கிவிடும். அவ்வளவும் ஒரு கனமீட்டர் இடத்திற்குள் அமையும். எடை மிகுந்து இடம் குறைந்திருத்தலே நூலின் இயல்பு. இவ்வியல்பை உணர்ந்தவனே குறைந்த செலவில் நூல்களை அனுப்ப வல்லவன்.

ஏனெனில், பொருளைச் சுமந்து செல்வோர் யாவரும் ஒன்றையே விற்பவர் அல்லர். சிலர் எடைக்குக் கூலி கொள்வர். சிலர் இடத்திற்குக் கூலி கொள்வர். விரைவிற்கு விலை வைப்பாரும் உளர். வான்வழிக் கூரியர் நிலையத்தார் பொதுவாக 5,000 கனசென்டிமீட்டரை ஒரு கிலோவாகக் கணக்கிட்டு, அக்கணக்கையும் உண்மை எடையையும் ஒப்பிட்டு, எது மிகுதியோ அதற்கே பணம் கேட்பர். மேற்கூறிய பெட்டி அவர் கணக்கின்படி 5.4 கிலோ; தராசின்படி 15 கிலோ. அதனுள் பஞ்சு இருப்பின் இடத்திற்கும், நூல் இருப்பின் எடைக்கும் கூலி கொடுத்தல் வேண்டும். விரைவிற்குரிய விலையும் அதனோடு கூடும். ஆதலின் நூற்றொகுதிக்கு வான்வழி ஏற்றதன்று. நாற்பது ஆண்டு நிலைப்பெட்டியில் காத்திருந்த நூல் இன்னும் நாற்பது நாள் வழியில் காத்திருப்பதால் வரும் கேடு யாது?

கடல்வழியின் கணக்கு வேறு. கப்பற்கொள்கலத்தில் பிறர் பொருளோடு சேர்த்துச் சிறு சுமையை அனுப்புங்கால், ஒரு கனமீட்டர் அல்லது 1,000 கிலோ, இவற்றுள் எது மிகுதியோ அதற்கே கூலி விதிப்பது வழக்கம். ஒரு கனமீட்டரில் நம் பெட்டிகள் 37 அடங்கும். அவற்றின் எடை 555 கிலோ. அஃது ஆயிரத்தைத் தொடவில்லை ஆதலின் இடத்திற்கே கூலி, எடைக்கு இல்லை. வான்வழியில் நமக்குப் பகையாய் நின்ற கனம் கடல்வழியில் கணக்கிலேயே வாராது போகின்றது. ஆயினும் ஓர் எச்சரிக்கை: ஏற்றும் துறைமுகத்தில் சொல்லும் கூலி முழுக்கூலி அன்று. இறக்கும் துறைமுகத்தில் இறக்குகூலி, கிடங்குவாடகை, சுங்கச் செலவு ஆகியன தனியே நிற்கும். அவற்றையும் எழுத்தில் கேட்டுப் பெறாது பெட்டியை ஒப்படைத்தல் ஆகாது.

இனி, தபால்வழியைக் காண்போம். நூலுக்கு மட்டும் கூலியைக் குறைத்துக் கொடுத்தல் அரசுகள் பலவும் மேற்கொண்ட அறச்செயல். அமெரிக்க நாட்டில் 1938-ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட், தூரம் கருதாது நூல் ஓர் இறாத்தலுக்கு ஒன்றரை சென்ட் என்று கட்டணம் அமைத்தார். நகரத்தார் பெறும் நூலைச் சிற்றூராரும் அதே செலவில் பெறுதற்கு அது வழி செய்தது. ஒரே முகவரிக்குச் செல்லும் அச்சுநூல்களை ஒரே பையிலிட்டு 30 கிலோ வரை அயல்நாட்டிற்கு அனுப்பும் 'எம்-பை' என்னும் முறையும் பன்னாட்டுத் தபால் ஏற்பாட்டில் உண்டு. ஆனால் 2007-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்கத் தபால் துறையார் கடல்வழி அயல்நாட்டுத் தபாலையே நிறுத்திவிட்டனர். அது முதல் அப்பை அங்கிருந்து வானூர்தியில் மட்டுமே செல்லலாயிற்று. மெல்லச் செல்லும் வழி அடைபட்டால் எளியோர் வழியும் அடைபடுகின்றது.

நம் நாட்டிலும் இதுபோன்ற ஒரு நிகழ்ச்சி உண்டு. நெடுங்காலம் வழங்கிய பதிவுப் புத்தகத் தபால் 2024-ஆம் ஆண்டு டிசம்பரில் நின்றுபோயிற்று. சிறு பதிப்பாளரும் நூல் விரும்பிகளும் பெரிதும் வருந்தினர். பின்னர் 2025-ஆம் ஆண்டு மே முதல் நாளில் 'ஞான் போஸ்ட்' என்னும் முறை தொடங்கிற்று. தொடக்கத்தில் விதித்த கட்டணம் 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. இக்கணக்கின்படி 400 கிலோ நூல்களை 80 கட்டுகளாக்கி 8,000 ரூபாயும் வரியும் செலுத்தி அனுப்பலாம். கட்டு எங்குச் செல்கின்றது என்பதையும் அறிந்துகொள்ளலாம். நூலில் அச்சிட்டவர் அல்லது வெளியிட்டவர் பெயர் இருத்தல் வேண்டும். பருவ இதழ்களும் வணிக வெளியீடுகளும் ஏற்கப்படா. ஆகவே பழைய இதழ்த் தொகுதிகளை ரயில் பார்சலிலோ லாரியிலோ அனுப்புதலே வழி. தொகுதி முழுவதும் ஒரே ஊருக்குச் செல்வதாயின், தபாற்கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ரயில் பார்சல் நிலையத்திலும் லாரி நிலையத்திலும் விசாரித்து ஒப்பிடுதல் நலம். வீட்டினின்று நிலையத்திற்கும், நிலையத்தினின்று நூலகத்திற்கும் ஆகும் வண்டிக்கூலியையும் அக்கணக்கில் சேர்த்தல் வேண்டும்.

இவையெல்லாம் சுமையை அனுப்பும் வகை. சுமையையே குறைக்கும் வகை இவற்றினும் சிறந்தது. தரங்கம்பாடி வரலாறு இதற்குச் சான்று. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் அச்செழுத்துக்கள் 1713-ஆம் ஆண்டில் தரங்கம்பாடியை அடைந்தன. ஐரோப்பாவில் நூல்களை அச்சிட்டுக் கப்பல் கப்பலாக அனுப்புவதை விடுத்து, எழுத்துக்களையும் அச்சுப்பொறியையும் அனுப்பினமையால் 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு இங்கேயே வெளிவந்தது. வந்த எழுத்துக்கள் பெரியனவாய்த் தாளை மிகுதியும் விழுங்கவே, சிற்றெழுத்துக்களை இங்கேயே வார்த்துக்கொண்டனர். எழுத்துச் சிறுத்தால் தாள் குறையும். தாள் குறைந்தால் சுமை குறையும்.

நம் காலத்துச் சான்று கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்களின் தொகுதி. அவர் 1992-இல் மறைந்தபின், 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தார் அதனை விலைக்கு வாங்கினர். வாங்கியவர் தம் நாட்டிற்கு நூல்களை ஏற்றிச் செல்லவில்லை. செட்டிநாட்டினின்று சென்னைக்குக் கொணர்ந்து, ஆராய்ச்சி நூலகமாக அமைத்து, நுண்படச் சுருள்களில் படியெடுக்க வழி செய்தனர். நூல் தமிழ்நாட்டில் தங்கிற்று. அதன் படி கடல் கடந்தது. எந்த நூல் செல்ல வேண்டும், எதன் படி சென்றாற் போதும், எது சேருமிடத்தில் முன்னரே உள்ளது என்று ஆராய்ந்து பிரித்தபின்பே பெட்டியைத் திறத்தல் அறிவுடைமை.

கட்டும் முறையும் கருதத்தக்கது. பெரிய பெட்டி வேண்டா. ஒருவர் தனியே தூக்கவல்ல பெட்டியே ஏற்றது. தூக்க இயலாத பெட்டி எறியப்படும். எறியப்பட்ட பெட்டி பிளக்கும். நூல்களை முன்னரே நிழற்காற்றில் உலர்த்தி, இராமபாணப் பூச்சி அரித்தவற்றைப் பிரித்துத் தனியே வைத்தல் வேண்டும். பெட்டியின் உள்ளே பாலித்தீன் தாள் விரித்து, நூல்களைப் படுக்கையாக அடுக்குக. தாள் விளிம்பு கீழாக நிறுத்தினால் கட்டுத் தளரும். இடைவெளிகளில் செய்தித்தாளைத் திணித்தல் வேண்டும். ஒவ்வொரு பெட்டிக்கும் எண் இட்டு, அதிலுள்ள நூற்பெயர்ப் பட்டியை உள்ளே ஒன்றும் கையில் ஒன்றுமாக வைத்துக்கொள்க. பட்டியில்லாத பெட்டி தொலைந்தால் தொலைந்தது யாது என்றே தெரியாது.

இக்கல்லூரியின் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். தாம் தொகுத்த நூல்களை ஏதேனும் ஒரு நூலகத்திற்கு விட்டுச் செல்லக் கருதுவோர், அதனை ஏற்பாரிடம் முன்னரே இசைவு பெற்று, நூலோடு பட்டியும் கூலியும் சேர்த்து வைப்பாராக. பட்டி எழுதவும் பெட்டி கட்டவும் இளையோர் கைகள் இங்கே பல உள. மூன்றும் கூடிய நூற்றொகுதி சேருமிடம் சேரும். கூலியின்றி நின்ற தொகுதிக்குத் தராசுக்காரர் வாயிலில் காத்திருக்கின்றார்.