செங்காந்தளும் நாற்பத்தேழாவது குரோமோசோமும்

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்

செண்பகத்தோப்பு அடிவாரத்தில் மழை பெய்து ஓய்ந்ததும் வேலிகளில் செங்காந்தள் பூக்கும். "தொடாதேடா, கிழங்கு விஷம்" என்பார் எங்கள் அப்பத்தா. விஷந்தான். ஆனால் அவ்விஷம் மரபியலுக்குச் செய்த உதவியை நம்மில் பலர் அறியோம்.

கண்வலிக்கிழங்கு எனப்படும் இச்செடியின் கிழங்கிலும் விதையிலும் உள்ள நச்சுப்பொருள் கால்ச்சிசின். செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்பவை கதிரிழைகள். கால்ச்சிசின் அவ்விழைகளை உருவாகவிடாது. குரோமோசோம்கள் நடுவழியில் நின்றுவிடும். செல் பிரியாமலே அவற்றின் எண்ணிக்கை இரட்டிக்கும். 1937இல் பிளேக்ஸ்லீ ஊமத்தை இனச் செடிகளில் இதைச் செய்து காட்டினார். ஆகவே இது குரோமோசோம் எண்ணிக்கையை மாற்றும் வேதிப்பொருள்.

ஓடும் ஆடுகளை எண்ணுவதைவிட நிற்கும் ஆடுகளை எண்ணுவது எளிதன்றோ? 1955 இறுதியில் சுவீடன் நாட்டில் ஜியோ, லெவான் இருவரும் கால்ச்சிசினால் நிறுத்தப்பட்ட மனித செல்களில் குரோமோசோம்களை எண்ணினர். அதுவரை 48 என நம்பப்பட்டது 46 ஆயிற்று. சரியான கணக்குத் தெரிந்த பின்னரே பிழையான கணக்குப் புலப்படும். 1959இல் பாரிசில் லெஜூன், கோதியே, துர்ப்பான் ஆகியோர் டவுன் கூட்டறிகுறி உள்ள குழந்தைகளிடம் 47 குரோமோசோம்கள் இருப்பதை வெளியிட்டனர். 21ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதிலாக மூன்று இருந்தது.

எங்கள் தெருவில் அத்தகைய குழந்தை ஒன்று உண்டு. "கிரகணத்தன்று வெளியே வந்தாள்" என்று ஊரார் தாயைப் பழித்தனர். உண்மை வேறு. இனச்செல் உருவாகும்போது ஒரு சோடி பிரியாமல் போவதே பெரும்பாலும் காரணம். இது கருமுட்டையில் மிகுதியாக நிகழ்கிறது. தாயின் வயது கூடினால் வாய்ப்பும் கூடும். ஆயினும் அவள் உண்டதாலோ, கிரகணம் பார்த்ததாலோ நேர்வதன்று. மிகப் பெரும்பாலோரிடம் இது பரம்பரையாக வருவதுமன்று.

சென்ற விடுமுறையில் அந்த அக்காவிடம் இதைச் சொன்னேன். "அப்போ நான் ஒண்ணும் தப்புப் பண்ணலையா, தம்பி?" என்று இருமுறை கேட்டார். இல்லை என்று இருமுறையும் சொன்னேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். படித்து என்ன கண்டாய் என்று எவரேனும் கேட்டால், சொல்ல இனி எனக்கு ஒரு விடை உண்டு. நண்பர்களே, வகுப்பில் கற்பதை நம் தெரு வரைக்கும் கொண்டு செல்வோம்.